தும்பிக்கை வைத்த ‘லை’: அச்சகத்தில் இருந்துகொண்டே வடிவமைப்பு வரலாறு படித்த அனுபவம்

மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறவர். செல்போனில் ஒரு மாதிரியைக் காட்டி, தன் கல்யாணப் பத்திரிகை இப்படித்தான் வேண்டும் என்றார். எழுத்தெல்லாம் இடது ஓரமாக ஒதுங்கியிருந்தது. மேலும் கீழும் நிறைய வெள்ளை. பார்டர் கிடையாது. அப்படியே அடித்துக் கொடுத்தேன். புரூஃபைப் பார்த்த அவருடைய தாத்தா அதைக் கையில் வாங்கவே இல்லை. “என்னம்மா இது, கரண்ட் பில் மாதிரி இருக்கு. இதை எப்படி வெத்தலை பாக்கோட நாலு பேருக்குக் கொடுக்கிறது?” என்று கேட்டார்.

வரிகளை நடுவுக்குக் கொண்டுவந்து, பார்டர் போட்டு, மூலைகளில் மஞ்சள் தடவ இடம் விட்டு மறுபடி கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். எனக்குள் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அதே பெயர்கள், அதே நாள், அதே மண்டபம். வரி நடுவில் நின்றால் கல்யாணம், ஓரத்தில் நின்றால் பில். இது எப்படி நடக்கிறது? யார், எப்போது முடிவு செய்தது? மதுரையில் மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்போது பதினாறு வருடமாகப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி பதில் என்னிடம் இல்லை.

அந்தக் கேள்விதான் என்னை நவீன கலை மற்றும் வடிவமைப்பு வரலாற்றில் முதுநிலைப் படிப்புக்குக் கொண்டுபோனது. பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், இணையவழி, பகுதிநேரம், மூன்று வருடம். போன வருடம் முடித்தேன். வேலையை விடாமல், ஊரை விடாமல் இதைப் படிக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பரோடாவிலும் டெல்லியிலும் கலை வரலாற்றுக்கு நல்ல முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்த் தங்கிப் படிக்க வேண்டும். எட்டாவது படிக்கும் மகளை வைத்துக்கொண்டு எனக்கு அது ஆகாது. என் பி.காம். பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று பயந்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டியிருந்தது, ஒரு மாதிரிக் கட்டுரையும் கேட்டார்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட விட்டார்கள். அரசு வேலைக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட நினைப்பவர்கள், வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தத் தேவை இல்லை.

‘பகுதிநேரம்’ என்ற சொல்லை நம்பி நேரத்தைக் குறைவாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். மொத்தம் 1,800 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 17 மணி நேரத்துக்கு மேல். மூன்று வருடம் என்றால் பதினொன்றரை. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் மூன்று வருடத் திட்டத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கிறவள் என்பதால் எனக்குப் பதினைந்து மணி நேரம் வரை போனது. விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரை என் நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியமும் என் நேரம்.

வகுப்பு அவர்களுக்கு மாலை 6 மணி. நமக்கு இரவு பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைத் திருப்புகிறார்கள், அதன் பிறகு மார்ச் கடைசி வரை பதினொன்றரை. முதல் வருடம் இது தெரியாமல் ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தேன். இரவு வகுப்பு நாட்களில் விடியற்காலைப் படிப்பை விட்டுவிட வேண்டும். இரண்டையும் பிடித்துக்கொள்ளப் பார்த்துப் பத்தே நாளில் காய்ச்சலில் படுத்தேன்.

நேரத்தைப் பற்றி எனக்கு உண்மையில் உதவிய ஒரே யோசனை, படிப்பை என் தொழிலின் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்ததுதான். எங்களுக்கு வைகாசி, ஆவணி, தை மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கல்யாணப் பத்திரிகை வேலையும் இல்லை. பெரிய கட்டுரைகளின் வாசிப்பையும் முதல் எழுத்தையும் அந்த இரண்டு மாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்தேன். பல்கலைக்கழகத்தின் கெடு எந்தத் தேதியில் இருந்தாலும், என் கெடு ஆடி முப்பதுதான். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு ஆடி மாதம் இருக்கும். சேர்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் கட்டுரை, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்த்ததை மட்டும் வைத்து எழுத வேண்டும். நான் மார்செல் பிராயர் 1925 வாக்கில் செய்த எஃகுக் குழாய் நாற்காலியை எடுத்தேன். பௌஹவுஸ் என்பது ஜெர்மனியில் இருந்த ஒரு கலை, வடிவமைப்புப் பள்ளி. அதன் பெயரைச் சொன்னாலே முதலில் காட்டப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அதையும் எழுதினேன். நான்கு புத்தகங்களிலிருந்து குறிப்பு எடுத்து, வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கி அனுப்பினேன். மதிப்பெண் தேர்ச்சிக் கோட்டைத் தொட்டு நின்றது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: புத்தகங்கள் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பார்த்தது எங்கே?

இரண்டு நாள் எனக்கு அது உறுத்தியது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த நாற்காலியை நான் நேரில் பார்த்ததில்லை. அதன் குழாய் கைக்குக் குளிர்ச்சியாக இருக்குமா, துணி முதுகில் எப்படி இழுபடும், எதுவும் எனக்குத் தெரியாது.

அப்புறம் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை பாடமாக வந்தது. 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கக் காரணமான அறிக்கை அது. நாடு முழுக்கச் சுற்றிய இருவரும் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் மிக உயர்வாகச் சொன்னது லோட்டாவை. நம் சொம்பு. இதை ஒருவர் புதிதாக வடிவமைப்பதென்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குகிற கை எவ்வளவு பெரியது, தலையிலா இடுப்பிலா கையிலா எதில் சுமப்பார்கள், காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும், நிறைந்திருக்கும்போது எங்கே நிற்கும், ஊற்றும்போது என்ன ஆகும்.

அன்று விடியற்காலை அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய் மாமியாரின் பித்தளைச் சொம்பை எடுத்துத் தண்ணீர் நிரப்பிக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் தானாகவே கழுத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் கை வழுக்கவில்லை. இருபது வருடமாகப் புழங்கும் சொம்பு. அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே என் முதல் யோசனை இதுதான்: தொடக்கக் கட்டுரைகளுக்குக் கைக்கு எட்டும் பொருளை எடுங்கள். மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை. ஆத்தங்குடிக்குப் போனால் சிமெண்டுத் தரைக்கல் செய்வதை நின்று பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். அந்தப் பளபளப்பைக் கொடுப்பது கண்ணாடிதான். திருமலை நாயக்கர் மகாலில் நாம் இன்று பார்ப்பதில் ஒரு பங்கு, நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1866–72) நடந்த புதுப்பிப்பு. அந்த வேலையில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பிறகு சென்னையில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் பெரிய கட்டடங்களைக் கட்டினார். நம் தூண்களைப் பார்த்தவருடைய கண், அங்கே என்ன செய்தது என்று ஒரு கட்டுரையே எழுதலாம். எங்கள் அச்சகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையை விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். ஆடையின் வரலாறும் வடிவமைப்பு வரலாறுதான். அந்த வழியாக எத்தனையோ முறை புரூஃப் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் எடுத்தது கல்யாணப் பத்திரிகை. அதற்குக் காரணம், செல்லூரில் இருக்கும் ஒரு பழைய கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அச்சுக்கோத்தவர். எழுபத்தெட்டு வயது. எங்கள் முதலாளியின் அப்பா காலத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் எல்லாரும் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டில் ஒரு பெரிய கணக்கு நோட்டு இருந்தது. 1961 முதல் 1989 வரை தான் கோத்த பத்திரிகைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அதில் ஒட்டி வைத்திருந்தார். “மகன் பழைய பேப்பர் கடையில போட்டுடலாங்குறான் தாயி. உனக்கு ஆகும்னா எடுத்துக்க” என்றார். எண்ணிப் பார்த்தேன், 342 பத்திரிகைகள்.

கல்யாணப் பத்திரிகையில் தேதி இல்லாமல் இருக்காது. ஆராய்ச்சி என்று வரும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. துணிக்கடை நோட்டீஸ், சாமி படம், தீப்பெட்டி லேபிள் எதிலும் பெரும்பாலும் வருடம் போட மாட்டார்கள். பத்திரிகையில் தமிழ் வருடம், மாதம், நாள், நட்சத்திரம் வரை இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில பத்திரிகைகளில் தமிழ் வருடம் மட்டும் இருக்கும். அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிலவ என்று மட்டும் இருந்தால் அது 1961-62 ஆகவும் இருக்கலாம், 2021-22 ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் தொட்டுப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் குழப்பம் வராது. ஆனால் பார்க்காமல் எழுதக் கூடாது.

இங்கேதான் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன், அதிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொண்டேன். நோட்டின் நடுவில் தேதி இல்லாத ஜவுளிக்கடை நோட்டீஸ் ஒன்று கிடந்தது. அதில் ‘லை’யும் ‘னை’யும் பழைய மாதிரி, இன்றைய கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை போல வளைந்த கோட்டை முன்னால் வைத்து இருந்தன. ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு ஒற்றை எழுத்தாக இருந்தன. தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது 1978-ல். ஆகவே இந்த நோட்டீஸ் 1978-க்கு முந்தையது என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

நோட்டை மறுபடி பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 1984-ஆம் வருடப் பத்திரிகையில் தும்பிக்கை இருக்கிறது. 1969-ஆம் வருடப் பத்திரிகை ஒன்றில் தும்பிக்கை இல்லை, இன்று நாம் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. என் கோடு இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது.

புது எழுத்து வாங்கக் காசில்லாமல்தான் 1984 வரை பழையதை வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்து அய்யாவிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “புது எழுத்து எதுக்கு வாங்கணும்? ண எழுத்துப் பெட்டியில கிடக்கு, துணைக்காலும் கிடக்கு. சேர்த்து வச்சா ணா. ‘கை’க்குப் போடுற சங்கிலிக் கொம்பை எடுத்து ‘ல’வுக்கு முன்னால வச்சா லை. காசு செலவே இல்ல. ஆனா அண்ணாமலைன்னு ஒருத்தர் மகளுக்குப் பத்திரிகை அடிக்க வந்தா, பேரைத் தப்பா அடிச்சுட்டீங்கன்னு சண்டைக்கு வந்துருவார். பழைய மாதிரியே போட்டுக் கொடுத்துருவோம்.”

அந்த ஒரு பெயரிலேயே ணா, லை இரண்டும் மாறுகின்றன. எழுத்தை மாற்றாமல் பிடித்து வைத்தது அச்சகத்தின் வறுமை இல்லை, பெயரின் மேல் வீட்டுக்காரருக்கு இருந்த உரிமை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது.

அந்த 1969 பத்திரிகை? அதில் பிள்ளையார் சுழி இல்லை, நட்சத்திரம் இல்லை. சுயமரியாதைத் திருமணம். அப்படிப்பட்ட திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்த திருத்தம் அண்ணா முதல்வராக இருந்த 1967-ல் கொண்டுவரப்பட்டது. பெரியார் தன் ‘குடி அரசு’ இதழில் 1935-லேயே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அரசு ஆணைக்கு ஒன்பது வருடம் முன்னால், செல்லூரில் ஒரு மணமகனின் தகப்பனார் ‘எனக்கு இந்த லைதான் வேண்டும்’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அய்யாவுக்கு அவர் முகம்கூட நினைவிருந்தது. ஒரு குடும்பம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நம் ஊரில் ஒரு லை சொல்லியிருக்கிறது.

தேதி இல்லாத தாளுக்குக் காலம் குறிக்க இப்போது நான் எழுத்தை மட்டும் நம்புவதில்லை. முகவரியில் ‘மதுரை-1’ என்று இருக்கிறதா, ‘625 001’ என்று இருக்கிறதா பார்க்கிறேன். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டு 15. விலை அணாவிலா, நயா பைசாவிலா, வெறும் பைசாவிலா? நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் ‘நயா’ போய்விட்டது. ‘சென்னை மாநிலம்’ என்று இருந்தால் 1969-க்கு முன் என்று ஒரு குறிப்பு கிடைக்கும். இவையும் ஒரு பக்கத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பழைய லெட்டர்ஹெட்டைத் தீரும் வரை பயன்படுத்துகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அந்த ஜவுளிக்கடை நோட்டீஸில் பின்கோடு இருந்தது. ஆகவே 1972-க்குப் பிறகு, எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் என்று திருத்தி எழுதினேன். வருடத்தைக் குறுக்குவதைவிட, எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதை நேர்மையாகச் சொல்வதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது.

வயதானவர்களிடம் பேசும்போது ‘எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள், இல்லாவிட்டால் உங்களுக்காக ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலா பின்னாலா, மூத்த பெண் பிறந்தாச்சா, எம்.ஜி.ஆர். முதல்வர் ஆகிவிட்டாரா என்று கேளுங்கள். அய்யா இப்படித்தான் தன் வாழ்க்கையை வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

இனி, இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பௌஹவுஸில் ஹெர்பர்ட் பேயர் என்ற வடிவமைப்பாளர் 1925-ல், ஒரே ஒலிக்குப் பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதலாம் என்று, வட்டங்களையும் நேர்க்கோடுகளையும் வைத்து ஓர் எழுத்து வரிசையை வரைந்தார். அந்தப் பள்ளி தன் தாள்களில் பெரிய எழுத்தையே விட்டுவிட்டது. பத்து வருடம் கழித்து ஈரோட்டில் பெரியார், ஒரே ‘ஆ’ ஒலிக்கு எதற்கு வேறு வேறு வடிவம் என்று கேட்கிறார். அச்சுக்கோக்க எளிதாகட்டும், குழந்தைகள் படிக்க எளிதாகட்டும் என்கிறார். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியார் 1932-ல் ஜெர்மனிக்குப் போய் வந்தவர் வேறு. ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

ஆசிரியர் மிகவும் அன்பாக அதை நிறுத்தினார். ஒத்திருப்பது வேறு, அங்கிருந்து இங்கே வந்தது என்பது வேறு. பார்த்தார், படித்தார், பேசினார் என்பதற்குத் தாள் ஒன்று காட்டு, இல்லாவிட்டால் இரண்டையும் இரண்டாகவே வைத்து ஒப்பிடு என்றார். தாள் கிடைக்கவில்லை. ஒப்பீடாகவே எழுதினேன், அது இன்னும் நன்றாக வந்தது. பேயருடைய கேள்வி இயந்திரத்திலிருந்தும் சிக்கனத்திலிருந்தும் வருகிறது. பெரியாருடைய கேள்வி, பழையது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடக் கூடாது என்பதிலிருந்து வருகிறது. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்தார் என்று நான் எழுதியிருந்தால் இந்த வித்தியாசமே மறைந்துபோயிருக்கும். நம் ஊர் விஷயத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் அப்பாவைத் தேடிக் கொடுக்கிற ஆசை நம் எல்லாருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

அதே சமயம், உண்மையான தொடர்பு இருக்கும் இடத்தில் அது தாளோடு வரும். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பால் கிளே, கந்தின்ஸ்கி முதலிய பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள், அங்கிருந்த இந்திய ஓவியர்களின் படைப்புகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. வரவழைக்க முயற்சி எடுத்தவர் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ். நவீன கலை முழுக்க அங்கே நடந்து முடிந்து நமக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கண்காட்சிதான் நினைவுக்கு வரும்.

தாத்தாவின் கரண்ட் பில்லுக்கு வருகிறேன். யான் சிகோல்ட் என்ற ஜெர்மானியர், பெயர்ப்பலகை எழுதுகிறவரின் மகன். 1928-ல் எழுதிய புத்தகத்தில், வரிகளை நடுவில் நிறுத்துவது செத்துப்போன வழக்கம் என்று அடித்துப் பேசினார். சொற்களின் பொருளைப் பார்க்காமல் அழகுக்காக ஒரு வடிவத்துக்குள் அடைக்கிறோம், வாசிக்கிற கண் இடமிருந்து ஓடுகிறது, எழுத்தும் அங்கேயே தொடங்கட்டும் என்பது அவர் வாதம். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள், விடுதலையானதும் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பிறகு அவரே மெல்ல மெல்ல நடுவரி அமைப்புக்குத் திரும்பினார். 1947 முதல் 1949 வரை லண்டனில் பெங்குவின் புத்தகங்களைச் சீர்படுத்தியபோது அவர் கையிலிருந்து வந்தவை அமைதியான, சமச்சீரான பக்கங்கள்.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தத் தாத்தா புரிந்தார். கரண்ட் பில்லை நாம் தேடிப் படிக்கிறோம்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள். கண் ஓட வேண்டும், அதற்கு இடது ஓரம் சரி. பத்திரிகையை யாரும் அப்படிப் படிப்பதில்லை. தாம்பாளத்தில் வைத்து, நேராக நின்று, இரண்டு கையாலும் கொடுக்கிறோம். வாங்குகிறவரும் நேராக நின்று வாங்குகிறார். கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல எதிரெதிராக நிற்கும் ஒரு காரியம் அது. தாளும் அப்படி நேர்முகமாக நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இது என் வாசிப்பு. 342 பத்திரிகைகளையும் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அந்த 1969 பத்திரிகைகூட, பிள்ளையார் சுழியை விட்டது, பழைய லையை விட்டது, நடுவை விடவில்லை.

கள வேலை பற்றிச் சில விஷயங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களும் அழைப்பிதழ்களும் துண்டுத் தாள்களும்தான் அதன் அடித்தளம். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு முழு நாள் அங்கே கிடைக்கும். என்ன வேண்டும் என்பதை முன்பே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். முதல்முறை நான் சும்மா ‘பழைய அச்சு’ என்று போய் அரை நாளை வீணாக்கினேன். மதுரையில் நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனக்கு ஞாயிறு மதியப் படிப்பறையாக இருந்தது. வீட்டில் கதவைத் தட்டாத இரண்டு மணி நேரம் கிடைப்பது கடினம்.

சிவகாசியில் ஒரு அண்ணாச்சி, தன் பழைய அச்சகத்தின் பின்கட்டைக் காட்டினார். துணி துவைக்கும் இடத்தில் ஒரு கனத்த வழுவழுப்பான கல். லித்தோ கல். கல்லின்மேல் படம் வரைந்து அதிலிருந்து தாளில் அச்சடிப்பதுதான் லித்தோ. அந்த முறை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பவேரியாவில் கண்டுபிடிக்கப்பட்டது, நல்ல கல்லும் அங்கிருந்துதான் வந்தது. சாய்வாக வெளிச்சம் விழுந்தபோது அதன் மூலையில் முருகனின் வேல் தலைகீழாக, இடம் வலம் மாறி, மங்கலாகத் தெரிந்தது. படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள், பின்பக்கத்தையும் விளிம்பையும் எடுங்கள், எங்கே யாரிடம் எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதை அன்று இரவே எழுதுங்கள். அந்தக் கல்லை நான் அளக்கவில்லை. அடுத்த தடவை போனபோது அது அங்கே இல்லை.

பத்திரிகைகளில் இருப்பவை உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர்கள், சாதிப் பட்டங்கள், ஊர்கள். ஆய்வேட்டில் போட்ட படங்களில் பெயர்களை மறைத்தேன். வீட்டாரைக் கண்டுபிடிக்க முடிந்தவர்களிடம் சம்மதம் கேட்டேன். அய்யாவிடம் கையெழுத்து வாங்கியதோடு, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்த பிறகு நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் கொடுத்தது ஆராய்ச்சிக்கு, எனக்குச் சொந்தமாக இல்லை.

ஆங்கிலம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான் ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழில் எழுதினேன். தமிழில் சொல்ல வராத இடம் எனக்கே புரியாத இடம் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டு வந்துதான் ஆங்கிலத்துக்குப் போவேன். இருமடங்கு நேரம் ஆகும். ஆனால் முதல் வருடம் நான் எழுதிய, யாருடையதென்று தெரியாத வாக்கியங்கள் அதோடு நின்றன.

கடைசியாக ஒன்று. பௌஹவுஸில் சேர்ந்த பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். குந்தா ஷ்டோல்ஸ்லும் ஆனி ஆல்பர்ஸும் அந்தப் பட்டறையிலிருந்துதான் பெரிய கலைஞர்களாக வந்தார்கள், அவர்கள் பெயர்கள் இன்று பாடத்தில் இருக்கின்றன. படிக்கும்போது எனக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். சேலையில் அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அய்யாவின் பெயரும் 342 பத்திரிகைகளில் ஒன்றில்கூட இல்லை. அச்சகத்தின் பெயர் மட்டும் கீழே, மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி இருந்ததால்தான் எந்த அச்சகம் எந்த பார்டரை எந்த வருடம் வைத்திருந்தது என்று என்னால் வரிசைப்படுத்த முடிந்தது.

உங்கள் வீட்டுப் பீரோவில் 1990-க்கு முந்தைய பத்திரிகை இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பை விரித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எடுக்கும்போது கீழே அந்தப் பொடி எழுத்து வரி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.